‘மாடி போர்ஷன்’ ஏன் நின்றது

‘மாடி போர்ஷன்’ தொடரை ஏன் நிறுத்தினீர்கள் என்று என்னைக் கேட்காதவர்கள் தமிழ்நாட்டில் இரண்டே பேர்தான். ஒருவர் பிறந்ததிலிருந்து தொலைக்காட்சியே பார்க்காதவர். இன்னொருவருக்கு என்னைக் கண்டால் பிடிக்காது. மற்ற எட்டுக் கோடிப் பேரும் கேட்டாயிற்று. பல் பிடுங்கப் போனால் டாக்டர் என் வாயில் குறடு வைத்துக்கொண்டு கேட்கிறார். பதில் சொல்ல முடியாத நிலையில் வைத்துக் கேட்டால் நான் என்ன செய்வது?

தென்னலை தொலைக்காட்சியில் நிகழ்ச்சிப் பிரிவுத் தலைவனாக இருந்தேன். எந்த நிகழ்ச்சி எந்தக் கிழமை எத்தனை மணிக்கு என்று தீர்மானிப்பது என் வேலை. அதாவது இந்த மாநிலம் எப்போது சாப்பிட வேண்டும், எப்போது அழ வேண்டும், எப்போது மாமியாரோடு சண்டை போட வேண்டும் என்பதையெல்லாம் நான்தான் முடிவு செய்துகொண்டிருந்தேன். எந்த முதலமைச்சருக்கும் அவ்வளவு அதிகாரம் இருந்ததில்லை.

நன்றாக ஓடுகிற நகைச்சுவைத் தொடரை ஒரு சேனல் நிறுத்துகிறதென்றால் வழக்கமான காரணங்கள் உண்டு. வருஷம் ஏற ஏற நடிகர்களின் சம்பளம் ஏறும். கூடவே வயிறும் ஏறும். பார்க்கிறவர்களுக்கு வயதாகும், விளம்பரக்காரர்களோ காலேஜ் பிள்ளைகள்தான் வேண்டும் என்பார்கள். பழைய தொடர் எவ்வளவு ஓடினாலும் அது பழைய தொடர்.

எங்கள் எம்.டி. நரசிங்கம் இதற்கெல்லாம் ஒரே மருந்து கண்டுபிடித்தார். நடிகர்களே வேண்டாம். ஜெரால்டு என்ற தூத்துக்குடிக்காரர், எங்கள் தொழில்நுட்பப் பிரிவின் மேதை, கணினிக்குள்ளேயே மூன்று முக்கியப் பாத்திரங்களை உருவாக்கினார். யாருடைய முகமும் இல்லாத புது முகங்கள். நாம் கதையைச் சொன்னால் போதும், அவர்களே பேசி, நடந்து, சண்டை போட்டுக்கொள்வார்கள். சம்பளம் கேட்கமாட்டார்கள், கேரவன் கேட்கமாட்டார்கள், வயிறு ஏறாது.

அம்பலவாணன் மாடி போர்ஷனில் குடியிருப்பவன். வாயைத் திறந்தால் பொய். செண்பகம் அவன் மனைவி, கோயம்புத்தூர்க்காரி. தேசிகாமணி கீழே இருக்கும் வீட்டுக்காரர், சந்தேகப் பிராணி. வாரா வாரம் அம்பலவாணன் ஒரு பொய் சொல்வான், அதை மறைக்க இன்னொன்று, கடைசியில் மாட்டிக்கொள்வான். வியாழக்கிழமை மாலை ஏழரை மணிக்கு அவன் மாட்டும்போது மாநிலமே சிரிக்கிற சிரிப்பில் வங்காள விரிகுடா உள்வாங்கியதாக மீனவர்கள் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை, நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வினை, ரசிகர்கள் வடிவத்தில் வந்தது. கதை எழுதியது பூங்கோதை. கெட்டிக்காரப் பெண், ஆனால் எழுதியதை மறந்துவிடுவாள். அம்பலவாணனின் மாமியார் எங்கள் தொடரில் மூன்று முறை காலமானார். மூன்றாவது முறை காலமான மறுவாரமே தீபாவளிக்கு முறுக்கோடு வந்து நின்றார். நேயர்கள் போன் போட்டுக் கிழித்தார்கள். எம்.டி. ஜெரால்டைக் கூப்பிட்டு, “மனுஷனுக்கு ஞாபகம் இருக்காதுய்யா, மிஷினுக்குமா இருக்காது? அவங்களுக்கு நடந்ததெல்லாம் ஞாபகம் இருக்கற மாதிரி பண்ணு” என்றார்.

ஜெரால்டு அப்படியே பண்ணினார். மாமியார் அதன்பின் சாகவில்லை. தொடர் பதினைந்து வருஷம் ஓடியது.

அப்புறம்தான் அந்தப் பிளாஸ்டிக் செடி.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கோடம்பாக்கத்தில் எந்த டைரக்டரானாலும் ஹீரோ முன்னால் உட்கார்ந்து வாயால் கதை சொல்ல வேண்டும், அது சாஸ்திரம். பூங்கோதை அந்த மரபில் வந்தவள். கதையைத் தட்டச்சு செய்து உள்ளே தள்ளிவிடலாம் என்று ஜெரால்டு எவ்வளவோ சொல்லியும் கேட்கமாட்டாள். பெரிய திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, திரைக்குள் கைகட்டி உட்கார்ந்திருக்கும் அந்த மூன்று பேருக்கும் கையை ஆட்டி ஆட்டிக் கதை சொல்வாள். இடையில் நாங்கள் காபி குடித்துக்கொண்டு ஸ்பான்சர், ரேட்டிங் என்று பேசிக்கொண்டிருப்போம். மைக்கை அணைக்க ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. அம்பலவாணனே சில நாள், “இந்த வாரம் நெய்யா, சலவை சோப்பா சார்?” என்று விசாரிப்பான்.

அன்று பூங்கோதை சொன்னாள்: “தேசிகாமணி சார் காசிக்குப் போறாரு. ரோஜாச் செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லி உங்ககிட்ட சொல்லிட்டுப் போறாரு அம்பலவாணன் சார். நீங்க மறந்துடறீங்க. செடி காஞ்சிடுது. அவர் வர்றதுக்குள்ள பிளாஸ்டிக் செடி வாங்கி நட்டு வெச்சுடறீங்க. அவரு வந்து அதை மோந்து பாக்கறாரு.”

“பிரமாதம்” என்றேன் நான். பிளாஸ்டிக் பூவை மோந்து பார்க்கும் தேசிகாமணியின் மூக்கு மட்டுமே நாலு விளம்பர இடைவேளை தாங்கும்.

ஓடவிட்டோம். தேசிகாமணி காசியிலிருந்து வந்தார். அம்பலவாணன் படியிறங்கிப் போய், “சார், தண்ணி ஊத்த மறந்துட்டேன். செடியெல்லாம் காஞ்சிடுச்சு. தப்புதான், மன்னிச்சுக்கங்க” என்றான்.

தேசிகாமணி அவனையே பார்த்தார். “அதனாலென்ன. போன மாசம் நீங்க ஊருக்குப் போனப்ப உங்க மீன் தொட்டிக்குத் தீனி போட நானும்தான் மறந்துட்டேன். புது மீன் வாங்கி விட்டுட்டுச் சொல்லாம இருந்தேன். வாங்க, காபி சாப்பிடலாம்.”

மூன்று நிமிடத்தில் கதை முடிந்துவிட்டது. மீதி நேரம் முழுக்க மூன்று பேரும் காபி குடித்தார்கள். செண்பகம் நடுவில் ஒருமுறை, “இன்னுங் கொஞ்சம் டிகாக்ஷன் ஊத்தட்டுமாங்க?” என்று கேட்டாள். அவ்வளவுதான் வசனம்.

“என்ன ஜெரால்டு இது?”

“நான் என்ன செய்யட்டும் சார். பதினஞ்சு வருஷமா பொய் சொல்லி மாட்டியிருக்கான். ஒவ்வொரு தடவையும் செண்பகம் அழுதது அவனுக்கு ஞாபகம் இருக்கு. நம்ம படத்துல அழுகையெல்லாம் வெட்டிட்டுச் சிரிப்பை மட்டும் போட்டோம். அவன் ரெண்டையும் பாத்திருக்கான்லா?”

“அதுக்கு?”

“திருந்திட்டான் சார்.”

நகைச்சுவைத் தொழிலில் இதைவிடக் கொடிய வார்த்தை கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், காபி குடித்த வாரமும் ரேட்டிங் விழவில்லை. கௌரவமான எண்தான். மனசுக்கு இதமாக இருக்கிறது என்று ஜனங்கள் பார்த்தார்கள். ரத்தக்கொதிப்புக்காரர்கள் மாத்திரையை நிறுத்திவிட்டதாகக்கூடக் கேள்வி. ஆனால் விளம்பர இடைவேளை என்பது அம்பலவாணன் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டு முழிக்கும் நேரத்தில் வர வேண்டும். அப்போதுதான் அடுத்து என்ன ஆகுமோ என்று எட்டுக் கோடிப் பேரும் நாற்காலியை விட்டு எழுந்திரிக்காமல் நெய்யையும் சோப்பையும் பார்ப்பார்கள். மாட்டாதவனை வைத்துக்கொண்டு எங்கே இடைவேளை விடுவது? இடைவேளை வந்ததும் ஜனங்கள் நிம்மதியாக எழுந்து போய்த் துணி மடித்தார்கள். நெய்க் கம்பெனி விலகியது. சோப்பும் விலகியது.

எம்.டி. கூட்டம் போட்டார். “ஞாபகத்தைக் கொடுத்தது நாமதானே. எடுத்துடு. முதல் நாள்ல இருந்த மாதிரி ஆக்கிடு. முடியும்ல?”

“முடியும் சார். முதல் நாள் பிரதி இருக்கு. அஞ்சு நிமிஷ வேலை” என்றார் ஜெரால்டு.

பூங்கோதை எழுந்தாள். “அவங்ககிட்ட சொல்லாம நான் எதையும் பண்ணவிட மாட்டேன் சார். இதுவும் கதைதானே. கதை சொல்லணும்.”

“ஏம்மா, மிஷினுக்கிட்டப் போய் பர்மிஷன் கேப்பியா?”

“பதினஞ்சு வருஷமா கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்.”

எம்.டி. என்னைப் பார்த்தார். “யோவ் எத்திராஜ், நீயும் கூடப் போ. ஏதாவது புரட்சி கிரட்சி பண்ணிடப் போவுது.”

போனேன். திரைக்குள் மூன்று பேரும் வழக்கம்போல் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். பூங்கோதை மறைக்காமல் சொன்னாள். உங்களுக்கு எல்லாம் மறந்துபோகும். அம்பலவாணன் மறுபடி பொய் சொல்வார். செண்பகம் மறுபடி நம்புவாள். தொடர் ஓடும்.

தேசிகாமணிதான் முதலில் பேசினார். “அப்ப நானும் இவரும் மறுபடி சண்டைக்காரங்களா?”

“ஆமா சார்.”

அம்பலவாணன் தொண்டையைச் செருமிக்கொண்டான். “மேடம், ஒண்ணு கேக்கறேன். மறக்கணும்னு என்ன அவசியம்? பழைய மாதிரி பொய் சொல்லணும், அவ்வளவுதானே. நான் நடிக்கிறேன்.”

நான் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன். நடிகனே வேண்டாமென்று உண்டாக்கிய பொம்மை, நடிக்கிறேன் என்று வாய்ப்புக் கேட்கிறது. கோடம்பாக்கத்தின் காற்று அப்படி, கணினிக்குள்ளும் புகுந்துவிடும்.

ஒரு வாரம் முயன்று பார்த்தோம். அம்பலவாணன் அபாரம். செண்பகமும் பரவாயில்லை. தேசிகாமணிதான் குட்டையைக் குழப்பினார். அம்பலவாணன் உத்தரத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, “வீடு லேசா இறங்குது சார், நான்தான் பிடிச்சுக்கிட்டிருக்கேன்” என்று ஒரு போடு போட்டதும் அந்த மனிதர் கோபப்பட வேண்டும். அதற்குப் பதிலாகக் கைதட்டிவிட்டு, “அருமை அம்பலவாணன், போன தடவையை விட இந்தத் தடவை நல்லா வந்திருக்கு” என்றார். அதுவும் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே.

எம்.டி.யின் பொறுமை அத்தோடு தீர்ந்தது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் ஞாபகத்தை அழித்தாக வேண்டும் என்றார்.

பூங்கோதை சாப்பிடவில்லை. நான் மட்டும் கேன்டீனில் இரண்டு பேர் சாப்பாட்டையும் சாப்பிட்டுவிட்டு வந்து, “ஒரு வழி இருக்கும்மா” என்றேன். “அழிக்கறதுக்குப் பதிலா நிறுத்திடச் சொல்லலாம். தொடரை இழுத்து மூடிட்டா அவங்க அப்படியே நிப்பாங்க. ஞாபகமும் அப்படியே இருக்கும். என்ன, ஓடாது.”

“நிறுத்தினா அவங்களுக்கு என்ன சார் ஆகும்?”

ஜெரால்டு சொன்னார்: “ஒண்ணும் ஆகாது. தூங்கற மாதிரிகூட இல்ல. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல நிப்பாவ. அவங்களுக்கு நேரமே ஓடாது.”

“அவங்களையே கேட்டுடறேன்” என்றாள் பூங்கோதை.

கேட்டாள். மறந்துவிட்டு ஓடுவதா, ஞாபகத்தோடு நிற்பதா. அம்பலவாணன் மனைவியைக் கை காட்டினான். “செண்பகத்தைக் கேளுங்க மேடம். அந்த ஞாபகமெல்லாம் அவ அழுது வந்ததுதான்” என்றான்.

செண்பகம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அவள் கையில் ஈரமே கிடையாது. அப்படி ஒரு பழக்கம்.

“நிறுத்திப் போடுங்க கண்ணு. இந்த மனுசனைத் திருத்தறதுக்கு எனக்குப் பதினஞ்சு வருசம் ஆயிருச்சு. மறுக்கா மொதல்ல இருந்து என்னால ஆகாது.”

அம்பலவாணன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். தேசிகாமணி, “அப்ப இருக்கற காபியைக் குடிச்சுடுவோம்” என்றார். குடித்து முடித்தார்கள். ஜெரால்டு நிறுத்தினார்.

எம்.டி.யிடம் நான் போய்ச் சொன்னேன். “பதினஞ்சு வருஷ ஞாபகத்துக்கு ஆகற கரண்டு செலவுல ரெண்டு புதுத் தொடர் எடுக்கலாம் சார். செலவு கட்டுப்படியாகலைன்னு அறிக்கை விடுவோம்.” அது நிஜமும்கூட. கூடவே கொஞ்சம் ஊதினேன். ராமேஸ்வரம் வரைக்கும் விளக்கெரிக்கலாம் என்றேன். அவர் ஒப்புக்கொண்டார்.

நல்லா ஓடுகிற தொடரை எதற்கு நிறுத்தினார்கள் என்று ஊர் கொதித்தது. ஊருக்குக் காரணம் சொல்லத் தேவையே இல்லை, அதுவே தயாரித்துக்கொள்ளும். செண்பகம் கர்ப்பம் என்றார்கள். அம்பலவாணன் கட்சி ஆரம்பிக்கப் போகிறான் என்றார்கள். அவன் கணினிக்குள் இருக்கிறவன் என்று நன்றாகத் தெரிந்த ஒரு பேராசிரியர், தொகுதி எது என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

எங்களுக்குத் தெரியாமல் எம்.டி. இன்னொரு வேலை செய்தார். அந்த முதல் நாள் பிரதியை வேறொரு கம்பெனியில் கொடுத்து, அதே முகங்களுக்குப் புதுப்பெயர் வைத்து, ‘கீழ் போர்ஷன்’ என்று புதுத்தொடர் தொடங்கிவிட்டார். அம்பலவாணன் முகத்துக்கு ஞானசேகர், செண்பகம் முகத்துக்கு வாசுகி. ஞாபகம் கீபகம் எதுவும் கிடையாது, வாரா வாரம் துடைத்துவிடுவார்கள். நெய் திரும்பி வந்தது. சோப்பு திரும்பி வந்தது.

முதல் வாரம் என் வீட்டில் என் மனைவி, சம்பந்தி, எதிர்வீட்டு ஆட்கள் என்று கூட்டம். ஞானசேகர் வாசுகியிடம், “எனக்கு ஆபீஸ்ல பிரமோஷன் குடுத்துட்டாங்க” என்று சுத்தமாக ஒரு பொய் சொன்னான். அந்தக் காலத்தில் இதற்கு அலமாரிக் கண்ணாடி அதிரச் சிரித்திருப்பார்கள்.

யாரும் சிரிக்கவில்லை.

“ஏன்டாப்பா அவகிட்ட பொய் சொல்றே” என்றார் சம்பந்தி, திரையைப் பார்த்து. என் மனைவி, “அவ நம்பிடுவாளேங்க” என்றாள். நம்பினாள். எதிர்வீட்டு அம்மாள் எழுந்து போய்விட்டார்.

தமிழ்நாடு முழுக்க இதே கதைதான். ரேட்டிங் கௌரவமாகவே இருந்தது, திட்டுவதற்காகவாவது பார்த்தார்கள். ஆனால் ஒரு வீட்டிலும் சிரிப்பில்லை. எம்.டி. ஜெரால்டைக் கூப்பிட்டுக் காய்ச்சினார். “அதான் எல்லா ஞாபகத்தையும் எடுத்தாச்சே, அப்புறம் என்ன?”

“பாக்கறவங்க ஞாபகம் இருக்கு சார். அவங்களும் கூடவே பதினஞ்சு வருஷம் பாத்திருக்காவ. அதை அழிக்கறதுக்கு என்கிட்ட பட்டன் இல்ல.”

ஆக, அதுவும் ஒருநாள் பாதியில் நின்றது. ஞானசேகர், காஷ்மீருக்கு டிக்கெட் போட்டுவிட்டதாக வாசுகியிடம் அளந்திருந்தான். அவள் பெட்டி கட்டி, ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு, சென்னை மே மாதத்தில் வாசலைப் பார்த்து நிற்கிறாள். அந்த இடத்தில் நிறுத்திவிட்டார்கள்.

எம்.டி. இறங்கி வந்தார். “பழசையே எழுப்புங்கய்யா. காபியே குடிக்கட்டும். காபிக் கம்பெனி ஸ்பான்சர் பண்றானாம்.”

ஒரு திங்கட்கிழமை காலை அவர்களை எழுப்பினோம். அவர்களுக்கு ஒரு நொடிகூடக் கழியவில்லை; தேசிகாமணி காலி டம்ளரைக் கீழே வைத்தார். “என்ன கதை மேடம்?” என்றான் அம்பலவாணன்.

பூங்கோதை நடந்ததையெல்லாம் சொன்னாள். சொல்ல வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். எம்.டி.யும் காட்டினார். அவள் சொன்னாள். போதாக்குறைக்குக் கடைசிக் காட்சியைப் போட்டும் காட்டினாள்.

செண்பகம் திரைக்குள்ளிருந்து எழுந்து கிட்டே வந்து பார்த்தாள். தன் முகம். ஸ்வெட்டர். பெட்டி.

“இந்தப் புள்ள இன்னும் இப்படியே நின்னுட்டிருக்காளா?”

“ஆமா.”

“அவன் சொன்னது பொய்யின்னு அவளுக்குத் தெரியுமா?”

“தெரியாது. தெரியறதுக்குள்ள நிறுத்திட்டாங்க.”

அம்பலவாணன் அந்த ஞானசேகரைப் பார்க்கவே இல்லை, வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

“கண்ணு, எங்களை எழுப்பினதுக்கு ரொம்ப சந்தோசம்” என்றாள் செண்பகம். “ஆனா எங்களுக்கு இப்ப ஒண்ணும் அவசரமில்லீங்க. நாங்க நிக்கறோம். எங்களுக்குச் செலவழிக்கற கரண்டுல அந்தப் புள்ளைய ஓட விடுங்க. ஞாபகத்தோட ஓட விடுங்க. யாரும் பாக்காட்டியும் பரவால்ல.”

“சிரிக்க ஒண்ணும் இருக்காதேம்மா அதுல” என்றார் எம்.டி. அவர் திரையைப் பார்த்து நேராகப் பேசி நான் கண்டது அன்றுதான்.

“இருக்குமுங்க. கடைசீல இருக்கும்.”

எம்.டி. ஒப்புக்கொண்டாரா என்று கேட்பீர்கள். முடியாது என்று மூன்று மாடியும் கேட்கச் சொல்லிவிட்டுக் காருக்குப் போய்விட்டார். ஆனால் அந்தக் கம்பெனியிலிருந்து திரும்பி வந்த ‘கீழ் போர்ஷன்’ கணினியின் சாவியை ஜெரால்டிடமிருந்து வாங்க மறந்துவிட்டார். மறந்தாரா, விட்டுவிட்டுப் போனாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ‘மாடி போர்ஷன்’ நின்றதற்கு இதுதான் காரணம். குறடு வாயை விட்டு வெளியே வந்தால் டாக்டரிடமும் சொல்வேன்.

கட்டடத்தின் அடித்தளத்தில், கேன்டீனுக்குப் பக்கத்து அறையில், ஒரு சின்னத் திரையில் ஞானசேகரும் வாசுகியும் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஒளிபரப்பு கிடையாது, ரேட்டிங் கிடையாது. கணக்கில் அது ஐஸ்கிரீம் பெட்டிக்கான மின்சாரம். பூங்கோதை வாரம் ஒருமுறை போய் நாற்காலி போட்டுக் கதை சொல்கிறாள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், ஆனாலும் புதன்கிழமை தோறும் சாலிகிராமத்தில் இருக்கும் எங்கள் சேனல் கட்டடத்துக்குப் போய்விடுவேன். வாட்ச்மேன் என்னை எம்.டி. என்றே நினைக்கிறான், நானும் மறுப்பதில்லை.

காஷ்மீர் பொய் வெளிப்பட்டு வாசுகி அழுதது, அப்புறம் இன்னும் எத்தனையோ பொய்கள், எத்தனையோ அழுகை எல்லாம் ஆயிற்று. அவன் திருந்துவதாக இல்லை. இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷமாவது இழுப்பான் என்கிறார் ஜெரால்டு. அதுவரைக்கும் இருப்பேனா என்று என் மனைவி கேட்கிறாள். இருப்பேன், எனக்கென்ன.

போன புதன்கிழமை, வாசுகி அவனிடம், “பக்கத்து வீட்டு நாய்க்குட்டி எங்கங்க போச்சு?” என்று கேட்டாள். கேட்டைத் திறந்து போட்டவன் அவன்தான். வழக்கமாக அவள் கேட்டு முடிப்பதற்குள் பொய் வந்து நிற்கும். அன்று வாயைத் திறந்தவன், அவள் முகத்தைப் பார்த்தான். மூடினான்.

பூங்கோதை என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெரால்டு கையில் வைத்திருந்த வடையைக் கடிக்கவில்லை.

பிறகு அவன், “எனக்கென்ன தெரியும்” என்றான்.